வயதின் மேல் பழி போட வேண்டாம்: மாதவிடாய் நின்ற பிறகு பெண்கள் கவனிக்க வேண்டியவை

"வயதாகிவிட்டது, இனி இப்படித்தான்." மூட்டுவலி முதல் மூச்சு வாங்குவது வரை எத்தனையோ தொந்தரவுகளுக்கு நம் வீட்டுப் பெண்கள் சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது. கணவரின் இரத்த அழுத்த மாத்திரை எந்த நாளில் தீரும் என்பது அவர்களுக்கு நினைவிருக்கும். பேரப்பிள்ளையின் தடுப்பூசி நாளும் நினைவிருக்கும். தாங்கள் கடைசியாக எப்போது பரிசோதனை செய்துகொண்டோம் என்று கேட்டால்தான் பதில் வராது.

வயது கூடும்போது உடலில் மாற்றங்கள் வருவது இயல்பு. ஆனால், எல்லாவற்றுக்கும் வயது காரணமாகாது. சில தொந்தரவுகள் எளிய சிகிச்சையில் குணமாகக்கூடியவை. வேறு சில, ஒரு நோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும், அறிகுறி ஏதும் இல்லாதபோதே எந்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இதைப் படிக்கும் ஆண்கள், தங்கள் மனைவி, சகோதரி, தாயாருக்கும் இதை எடுத்துச் சொல்லலாம்.

மாதவிடாய் நின்றதும் உடலில் என்ன நடக்கிறது?

தொடர்ந்து 12 மாதங்களுக்கு மாதவிடாய் வரவில்லை என்றால், அது நின்றுவிட்டதாகக் கொள்ளலாம். பெரும்பாலான பெண்களுக்கு 45 வயதிலிருந்து 55 வயதுக்குள் இது நிகழும். அப்போது கருமுட்டைப் பைகளில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் வெகுவாகக் குறைகிறது. அந்த ஹார்மோன் கருப்பைக்கு மட்டும் உரியதன்று. எலும்புகள், இரத்தக் குழாய்கள், சிறுநீர்ப் பாதை, தோல், தூக்கம் ஆகிய அனைத்திலும் அதற்குப் பங்கு உண்டு.

திடீரென உடல் சூடாகி வியர்ப்பது, இரவில் தூக்கம் கலைவது, பிறப்புறுப்பில் வறட்சி, எரிச்சல் ஆகியவை இந்தக் காலத்தில் வரக்கூடியவை. இவை ஆபத்தானவை அல்ல. ஆனால், அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்கு இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இவற்றுக்கு மருந்துகள் உள்ளன. மருத்துவரிடம் கேளுங்கள்.

வெளியே தெரியாத மாற்றங்களும் உண்டு. மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். கெட்ட கொழுப்பு கூடும். அதனால் இதயநோய், பக்கவாதம் ஆகியவற்றின் அபாயமும் கூடும். இவற்றைப் பரிசோதனையால் மட்டுமே கண்டறிய முடியும்.

"வயதுதான் காரணம்" என்று விட்டுவிடக் கூடாத ஐந்து அறிகுறிகள்

1. நின்ற பிறகு மீண்டும் இரத்தப்போக்கு

மாதவிடாய் நின்று ஓராண்டுக்கு மேல் ஆன பிறகு, ஒரே ஒரு முறை, உள்ளாடையில் ஒரு துளி பட்டிருந்தாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது சிவப்பாக இல்லாமல் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இருந்தாலும் இதே ஆலோசனைதான். வலி இல்லை என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

பெரும்பாலும் உட்தோல் மெலிந்துபோவது, சிறு சதை வளர்ச்சி போன்ற சாதாரணக் காரணமே இருக்கும். ஆனால், கருப்பையின் உட்சுவரில் வரும் புற்றுநோயும் பெரும்பாலும் இப்படித்தான் முதலில் தன்னைக் காட்டும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. மருத்துவர் உங்களைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் ஸ்கேன் எடுக்கவோ கருப்பையின் உட்சுவரிலிருந்து சிறு மாதிரி எடுக்கவோ ஏற்பாடு செய்வார். ஹார்மோன் மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, மார்பகப் புற்றுநோய்க்கான மாத்திரை ஆகியவற்றை உட்கொள்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

2. மார்பில் புதிய மாற்றம்

சிங்கப்பூர்ப் பெண்களிடையே ஆக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய், மார்பகப் புற்றுநோய். வயது கூடக்கூட அதன் அபாயமும் கூடுகிறது. "வலித்தால்தானே நோய்" என்று பலர் எண்ணுகிறார்கள். மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிக்காது.

மாதம் ஒருமுறை உங்கள் மார்பை நீங்களே பரிசோதித்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் நின்றவர்கள் எளிதில் நினைவில் நிற்கும் ஒரு தேதியை, உதாரணமாக மாதத்தின் முதல் நாளை, வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி முன் நின்று இரு மார்பகங்களையும் பாருங்கள். குளிக்கும்போது சோப்பு நுரையுடன் விரல்களைத் தட்டையாக வைத்து மார்பு முழுவதையும் அக்குளையும் தடவிப் பாருங்கள். பின்வருவனவற்றுள் எது தென்பட்டாலும் மருத்துவரைப் பாருங்கள்:

• மார்பிலோ அக்குளிலோ கட்டி அல்லது தடிப்பு
• தோலில் குழி அல்லது ஆரஞ்சுப் பழத்தோல் போன்ற சொரசொரப்பு
• முலைக்காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்வது
• முலைக்காம்பிலிருந்து இரத்தமோ நீரோ கசிவது
• முலைக்காம்பைச் சுற்றி ஆறாத புண் அல்லது சொறி

3. காரணமில்லாத களைப்பும் மூச்சுத் திணறலும்

மாரடைப்பு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவது என்ற எண்ணம் நமக்கு உண்டு. பெண்களுக்கும் நெஞ்சில் இறுக்கமோ வலியோ வரலாம். ஆனால் தாடை, கழுத்து, முதுகு, கை ஆகியவற்றில் வலி, குமட்டல், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், வழக்கத்துக்கு மாறான களைப்பு என்றும் அது வரலாம். இதை "வாயு" என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்து, தைலம் தடவிப் படுத்துவிடுபவர்கள் உண்டு. மாரடைப்பில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசையைப் பாதிக்கிறது.

இத்தகைய அறிகுறிகள் திடீரென வந்தால் உடனே 995 எண்ணை அழையுங்கள். மகன் வேலையிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டாம். டாக்சியிலோ பேருந்திலோ தனியாகப் புறப்படவும் வேண்டாம். முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். அவற்றுக்கும் உடனே 995.

மாடிப்படி ஏறும்போது முன்பு இல்லாத மூச்சு வாங்கல், ஓய்வெடுத்தாலும் தீராத களைப்பு ஆகியவை சில வாரங்களாக இருந்தால், மருத்துவரிடம் முன்பதிவு செய்துகொண்டு பார்த்துவிடுங்கள்.

4. சிறுநீர் கசிவு

இருமினால், தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறது என்பதை மகளிடம்கூடச் சொல்லாத பெண்கள் பலர். கோயிலுக்குப் போவதைக் குறைத்துக்கொள்வார்கள். கல்யாண வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். பிள்ளை பெற்றதாலும் வயதாலும் இடுப்பு அடித்தளத் தசைகள் தளர்வதே இதற்குப் பொதுவான காரணம். அவற்றைப் பயிற்சியால் மீண்டும் வலுப்படுத்தலாம்.

சிறுநீரை அடக்குவதுபோல் அந்தத் தசைகளை உள்நோக்கி இறுக்குங்கள். ஐந்து நொடி பிடித்து, ஐந்து நொடி தளர்த்துங்கள். இப்படிப் பத்து முறை, ஒரு நாளில் மூன்று வேளை செய்யுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். வயிற்றையும் தொடையையும் இறுக்க வேண்டாம். தொலைக்காட்சி பார்க்கும்போதோ பேருந்தில் அமர்ந்திருக்கும்போதோ செய்யலாம். பலன் தெரிய ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். அது மலச்சிக்கலையும் சிறுநீர்ப் பாதைத் தொற்றையும் வரவழைக்கும்.

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், சிறுநீரில் இரத்தம், கீழே ஏதோ இறங்கிவருவது போன்ற உணர்வு ஆகியவை இருந்தால் பயிற்சியோடு நின்றுவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். அடிக்கடி சிறுநீர் போவதற்கு நீரிழிவும் காரணமாக இருக்கலாம்.

5. உயரம் குறைவது, முதுகு கூனுவது

பழைய இரவிக்கை திடீரென நீளமாகத் தெரிகிறதா? முன்பு எட்டிய அலமாரித் தட்டு இப்போது எட்டவில்லையா? முதுகெலும்பு நொறுங்கி உயரம் குறைந்திருக்கலாம். எலும்பு அடர்த்திக் குறைவு நோய், எலும்பு முறியும்வரை வலியே தராமல் இருக்கும். குளியலறையில் ஒருமுறை வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அதுவரை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்ட ஒருவர் மற்றவர் துணையின்றி நடமாட முடியாமல் போகலாம்.

ஆசியப் பெண்களுக்கான எளிய கணக்கு ஒன்று உள்ளது. உங்கள் வயதிலிருந்து உங்கள் எடையைக் கிலோகிராமில் கழியுங்கள். விடை 20-க்கு மேல் இருந்தால் அபாயம் அதிகம். 0 முதல் 20 வரை என்றால் நடுத்தரம். பூஜ்யத்துக்குக் கீழே என்றால் குறைவு. 68 வயதில் 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு விடை 23. அவர் எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். அதே வயதில் 60 கிலோ எடையுள்ளவருக்கு விடை 8. அவருக்கு முன்பு எலும்பு முறிந்திருந்தாலோ, பெற்றோருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தாலோ, நீண்டகாலம் ஸ்டீராய்டு மருந்து உட்கொண்டிருந்தாலோ அவரும் கேட்பது நல்லது.

அறிகுறி இல்லாதபோதே செய்ய வேண்டிய பரிசோதனைகள்

மேற்சொன்ன எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கே இந்தப் பட்டியல். தொந்தரவு இருப்பவர்கள் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

• மேமோகிராம் எனும் மார்பக ஊடுகதிர்ப் பரிசோதனை: 50 முதல் 69 வயது வரை, ஈராண்டுக்கு ஒருமுறை. 70 வயதைத் தாண்டியவர்கள் தொடர்வது பற்றி மருத்துவரிடம் பேசி முடிவு செய்யலாம்.

• எச்பிவி பரிசோதனை, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்காக: 30 முதல் 69 வயது வரை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை.

• மலப் பரிசோதனை, பெருங்குடல் புற்றுநோய்க்காக: 50 வயதிலிருந்து, ஆண்டுக்கு ஒருமுறை.

• இரத்த அழுத்தம், நீரிழிவு, கொழுப்புப் பரிசோதனைகள்: 40 வயதிலிருந்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை. மருத்துவர் சொன்னால் அதைவிட அடிக்கடி.

• தடுப்பூசிகள்: 65 வயதிலிருந்து ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி. நிமோனியா தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

தாய்க்கோ சகோதரிக்கோ மகளுக்கோ மார்பகம், கருமுட்டைப் பை, பெருங்குடல் ஆகியவற்றில் புற்றுநோய் வந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்களுக்கு இன்னும் முன்னதாகவோ அடிக்கடியோ பரிசோதனை தேவைப்படலாம்.

நம் சமூகத்தினர் நீரிழிவில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம். கர்ப்பமாக இருந்தபோது "சர்க்கரை" இருந்து, பிள்ளை பிறந்ததும் சரியாகிவிட்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதல். முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்றாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பலரும் மனத்துக்குள் கேட்கும் கேள்விகள்

"கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. எனக்கு எச்பிவி பரிசோதனை எதற்கு?"
எச்பிவி கிருமி உடலில் பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் தங்கியிருக்கும். எனவே, எப்போதாவது தாம்பத்திய உறவில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் இப்பரிசோதனை பொருந்தும். கருப்பையை அகற்றியவர்கள், கருப்பை வாயும் அகற்றப்பட்டதா என்று மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம்.

"ஆண் மருத்துவர் என்றால் கூச்சமாக இருக்குமே?"
முன்பதிவு செய்யும்போதே பெண் மருத்துவரோ தாதியோ வேண்டும் என்று கேளுங்கள். பரிசோதனையின்போது பெண் ஊழியர் ஒருவர் உடனிருக்கவும் கேட்கலாம். அப்படிக் கேட்பது யாருக்கும் தொல்லை தரும் காரியமன்று.

"மேமோகிராம் வலிக்குமாமே?"
மார்பகத்தை இரு தட்டுகளுக்கு இடையில் சில நொடிகள் அழுத்திப் படம் எடுப்பார்கள். அந்த நேரம் இறுக்கமாகவும் சிலருக்கு வலியாகவும் இருக்கும். பிறகு சரியாகிவிடும். அன்று முகப்பவுடர், உடல் பவுடர், அக்குளுக்கான வாசனைப் பொருள் எதையும் மார்பிலோ அக்குளிலோ பூச வேண்டாம். அவை படத்தில் புள்ளிகளாகத் தெரியலாம். மேலாடையும் கீழாடையும் தனித்தனியாக உள்ள உடை வசதியாக இருக்கும். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் முன்கூட்டியே ஊழியரிடம் சொல்லுங்கள். அதைப் பின்பக்கம் ஒதுக்கிவைக்க முடியுமா என்று அவர் பார்த்துச் சொல்வார்.

"ஏதாவது இருக்கிறது என்று சொல்லிவிட்டால்?"
இந்த அச்சமே பலரைத் தடுக்கிறது. மறு பரிசோதனைக்கு அழைத்தால் அது புற்றுநோய் என்று பொருளன்று. மேமோகிராமுக்குப் பிறகு மீண்டும் அழைக்கப்படும் பெண்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. இருந்தாலும், சிறிதாக இருக்கும்போது கண்டால் சிகிச்சை எளிது. பிழைக்கும் வாய்ப்பும் அதிகம். மறு பரிசோதனைக்கு அழைப்பு வந்தால் கட்டாயம் போய்வாருங்கள்.

"செலவு அதிகமாகுமா?"
முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை, சாஸ் அட்டைகளுக்குச் சலுகைகள் உண்டு. 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்து, தங்களுக்கென ஒரு மருந்தகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்கள் மேமோகிராமுக்கு மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தலாம். 50 வயதைக் கடந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் மலப் பரிசோதனைக்கான சாதனத்தை இலவசமாகத் தருகிறது. முன்பதிவு செய்யும்போதே உங்கள் அட்டைக்கு எவ்வளவு கட்டணம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்றாடப் பழக்கங்கள்

தட்டில்: உங்கள் தட்டில் பாதி காய்கறியும் பழமும் இருக்கட்டும். கால் பங்கு சிவப்பரிசிச் சோறு, சப்பாத்தி போன்ற முழுத்தானியம். கால் பங்கு பருப்பு, மீன், முட்டை, தவ்வு, கோழி போன்ற புரதம். குழம்புக்குத் தேங்காய்ப் பாலின் அளவைக் குறைத்து, தயிர் அல்லது குறைந்த கொழுப்புப் பால் சேர்த்துப் பாருங்கள்.

எலும்புக்கு: 51 வயதிலிருந்து பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை. ஒரு குவளைப் பாலில் ஏறக்குறைய 300 மில்லிகிராம் கிடைக்கும். தயிர், கேழ்வரகு, எள், முள்ளோடு உண்ணும் நெத்திலி, தவ்வு, கீரை ஆகியவை மீதியை நிரப்ப உதவும். காலை வெயிலில் சிறிது நேரம் நடந்தால் வைட்டமின் டி கிடைக்கும்.

உப்பும் சர்க்கரையும்: ஒரு நாளுக்கு மொத்தம் ஒரு தேக்கரண்டி உப்பு போதும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சாஸ் ஆகியவற்றில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும். உணவங்காடி நிலையத்தில் தே தாரிக்குக்குப் பதில் "தே சி கொசோங்" கேளுங்கள். சர்க்கரை சேர்க்காமல் தருவார்கள்.

விரத நாள்களில்: நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், செவ்வாய், வெள்ளி விரதம் இருப்பதற்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள். வெறும் வயிற்றில் மருந்து எடுத்தால் சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும்.

வெற்றிலை பாக்கு: புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு மட்டுமே வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. மெல்லும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால் காட்டிவிடுங்கள்.

இடுப்பளவு: ஆசியப் பெண்களுக்கு இடுப்பளவு 80 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருப்பது நல்லது. எடை சரியாக இருந்தாலும் வயிற்றில் சேரும் கொழுப்பு இதயத்துக்குக் கெடுதல்.

உடலசைவு: வாரத்துக்கு 150 நிமிடங்கள் சற்றே மூச்சு வாங்கும் வேகத்தில் நடக்கலாம். ஒரு நாளுக்கு 30 நிமிடம் என ஐந்து நாள் நடந்தால் கணக்குச் சரியாகிவிடும். வீட்டு வேலையும் நல்லதுதான். ஆனால், விழாமல் இருக்கத் தசை வலிமையும் உடல் சமநிலையும் வேண்டும். கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். வாரத்தில் மூன்று நாளாவது இவற்றைச் செய்யுங்கள். குளியலறையில் வழுக்காத மிதியடியும் கைப்பிடியும் இருக்கட்டும்.

மனம்: பேரப்பிள்ளைகளையும் படுக்கையில் இருக்கும் கணவரையும் கவனித்துக்கொள்ளும் பெண்களுக்குத் தங்கள் சோர்வைச் சொல்ல இடமில்லாமல் போகிறது. வட்டாரத்தில் உள்ள துடிப்பாக மூப்படையும் நிலையத்துக்கோ சமூக மன்றத்துக்கோ வாரம் ஒருமுறையாவது சென்று வாருங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் மனச்சோர்வு, தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை இருந்தால் அதற்கும் மருத்துவரைப் பார்க்கலாம்.

மருத்துவரிடம் போகுமுன்

ஒரு தாளில் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள்: என்ன தொந்தரவு, எப்போது தொடங்கியது, மாதவிடாய் எந்த வயதில் நின்றது, என்னென்ன மாத்திரைகள், நாட்டு மருந்துகள், சத்து மாத்திரைகள் எடுக்கிறீர்கள். மருந்துப் பொட்டலங்களை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஆங்கிலம் சிரமம் என்றால் மகளையோ மருமகளையோ நம்பகமான தோழியையோ அழைத்துச் செல்லுங்கள். அல்லது, தமிழ் பேசும் ஊழியர் இருக்கிறாரா என்று முன்பதிவின்போது கேளுங்கள். மற்றவர் முன் சொல்லக் கூசும் செய்தி ஏதும் இருந்தால் அதையும் தாளில் எழுதி மருத்துவரிடம் நீட்டலாம்.

கடைசியாகச் செய்துகொண்ட மேமோகிராம், எச்பிவி, மலப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றின் தேதிகளை இன்றே நாள்காட்டியில் குறித்துவையுங்கள். ஏதேனும் ஒரு தேதி நினைவுக்கு வரவில்லை என்றால், பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

இக்கட்டுரை பொதுவான தகவலுக்கு மட்டுமே. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற ஆலோசனையை உங்கள் மருத்துவரிடம் பெறுங்கள்.